திரை உங்கள் மேசையில். மூளை யார் கையில்?



ரயில் முன்பதிவு கவுன்ட்டரில் வரிசையில் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஊழியர் உங்கள் படிவத்தை வாங்குகிறார், சில விசைகளைத் தட்டுகிறார், திரையைப் பார்க்கிறார். "இருபத்து மூணு, பக்கவாட்டுக் கீழ் பெர்த்து. சரியா?" என்று கேட்கிறார். நீங்கள் தலையசைத்ததும் சீட்டு அச்சாகி வெளியே வருகிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த ரயிலின் இருக்கைகள் பற்றிய விவரமெல்லாம் அவருடைய மேசைமேல் உள்ள பெட்டிக்குள்ளா இருக்கிறது? இல்லவே இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உடைத்துப் பார்த்தாலும் ஒரு பெர்த்துகூடக் கிடைக்காது! அது வெறும் வாயும் காதும்தான். மூளை வேறோர் இடத்தில், கம்பியின் மறுமுனையில் இருக்கிறது.

இவ்வாறு வேலை முழுவதும் நடுவில் உள்ள ஒரு பெரிய கணிப்பொறியில் நடக்க, மேசைமேல் விசைப்பலகையும் திரையும் சிறு பெட்டியும் மட்டும் இருக்கும் முறைக்கு இன்று 'தின் கிளையன்ட்' முறை என்று பெயர். 'மெலிந்த முனையம்' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையிலும் இத்தகைய முனையங்கள் இருக்கக்கூடும். இனிமேல் வரவும் கூடும். அவை நல்லவையா, கெட்டவையா? இதைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அதைச் சொல்லுமுன் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரே ஒரு பேரேடு

கணிப்பொறி வருவதற்கு முன்பு ரயில் முன்பதிவு எப்படி நடந்தது தெரியுமா? ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் இருக்கும். பயணியின் பெயரை அதில் கையால் எழுதுவார்கள். பேரேடு ஒன்றுதான், ஆகவே அது ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். எந்தக் கவுன்ட்டரில் அந்தப் பேரேடு இருக்கிறதோ அங்கேதான் நீங்கள் நின்றாக வேண்டும்.

"பேரேட்டை இரண்டு பிரதி எடுத்து இரண்டு கவுன்ட்டருக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இரண்டு ஊழியர்களும் ஒரே நேரத்தில் 23-ஆம் எண் பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடுவார்கள். ரயில் புறப்படும்போது அடிதடிதான்! ஆகவே பேரேடு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் பல பேர் அதை ஒரே நேரத்தில் பார்க்கவும் வேண்டும். முரண்பாடான இந்த இரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றியதுதான் நடுவண் கணிப்பொறி. ஒருவர் 23-ஆம் எண்ணைத் தொட்ட கணத்தில் அது மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டுவிடுகிறது. பேரேடு ஒன்று, கண்கள் ஆயிரம்.

இந்திய ரயில்வேயில் இந்த முறை 1985-இல் புது தில்லியில் தொடங்கியது. 1980-களின் இறுதிக்குள் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் பரவியது. தொடக்கத்தில் ஒவ்வொரு மையமும் தன் பகுதி ரயில்களை மட்டுமே அறிந்திருந்தது. பின்னர் 'கன்சர்ட்' என்ற மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் புகுத்தப்பட்டது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன் பிறகு சென்னையில் உட்கார்ந்துகொண்டே தில்லியிலிருந்து பாட்னாவுக்குச் சீட்டு வாங்க முடிந்தது. 2002-இல் இணையம் வழியாகவும் சீட்டு கிடைக்கத் தொடங்கியது. கவுன்ட்டர் நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டுக்கெல்லாம் ஒரே மூளை என்று அமைக்கவில்லை. ஐந்து மூளைகள், ஒவ்வொன்றும் தன் பகுதியைத் தானே கவனித்துக்கொண்டு மற்றவற்றோடு பேசும் ஏற்பாடு. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

ஓட்டல் சர்வரும் கணிப்பொறி சர்வரும்

நடுவில் உள்ள கணிப்பொறிக்கு 'சர்வர்' என்று பெயர். ஓட்டலில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றுதான் அழைக்கிறோம். இந்த ஒற்றுமை வெறும் பெயரளவில் மட்டும் இல்லை.

ஓட்டலில் இருபது பேர் சாப்பிடுகிறார்கள், சர்வர் ஒருவர்தான். ஆனாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஏன்? ஒரு இட்லியை வைக்க அவருக்கு ஒரு வினாடி போதும். அதைத் தின்ன நமக்கு ஒரு நிமிடம் ஆகும். நாம் மெல்லும் நேரத்தில் அவர் மற்ற பத்தொன்பது பேரையும் கவனித்துவிடுகிறார்.

கணிப்பொறியும் இப்படித்தான். நீங்கள் வேகமாகத் தட்டச்சு செய்பவர், வினாடிக்கு ஐந்து எழுத்து தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 0.2 வினாடி கிடைக்கிறது. வினாடிக்கு 300 கோடி துடிப்புகள் கொண்ட இன்றைய கணிப்பொறிக்கு அந்த 0.2 வினாடி என்பது 60 கோடி துடிப்புகள்! நமக்குக் கண்சிமிட்டும் நேரம். அதற்கோ ஒரு யுகம். இந்த ஓய்வு நேரத்தைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதே 'நேரப் பகிர்வு'.

இதை முதன்முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. ஆண்டு 1961. அக்காலத்தில் கணிப்பொறி என்பது அறை நிறைந்த பெரிய எந்திரம். விலையோ மிக அதிகம். நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்த ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியும் அந்த வகைதான். மாணவர்கள் துளையிட்ட அட்டைகளில் தங்கள் கணக்கைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலம் அது. எந்திரம் அரிதாக இருந்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள வழி தேடினார்கள். அந்த வழிதான் முனையம்.

கம்பியில் போவது என்ன?

பழைய முனையத் திரையில் எழுத்துகள் மட்டுமே தெரியும். ஒரு வரியில் 80 எழுத்து, மொத்தம் 24 வரி. பெருக்கினால் 1,920 எழுத்து. வினாடிக்கு 9,600 பிட் செல்லும் கம்பியில், ஓர் எழுத்துக்குச் சுமார் 10 பிட் என்று கொண்டால், வினாடிக்கு 960 எழுத்து போகும். ஆகவே முழுத்திரையும் நிரம்ப இரண்டே வினாடி. ஓர் எளிய கம்பியே போதுமானதாக இருந்தது.

இன்றைய திரையோ படங்களால் ஆனது. 1366 × 768 புள்ளிகள் கொண்ட ஒரு சாதாரணத் திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 3 பைட் வேண்டும். வினாடிக்கு 30 படம் அனுப்புவதென்றால் ஏறத்தாழ 9 கோடியே 44 லட்சம் பைட். அதாவது 75 கோடி பிட்டுக்கும் மேல்! வினாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பியில் ஒரே ஒரு மாணவருக்குக்கூட இது போதாது.

பின் எப்படி வேலை நடக்கிறது? தந்திரம் எளிது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பு, மாறாததை அனுப்பாதே. நீங்கள் 'அ' என்று தட்டினால், விசை அழுத்திய செய்தி சர்வருக்குப் போகிறது. அங்கே ஓடும் நிரல் 'அ' வரைகிறது. திரையில் மாறியது 20 × 20 புள்ளி அளவுள்ள சிறு கட்டம் மட்டுமே. அதற்கு 1,200 பைட் போதும். சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் நிரல் எழுதவும் இம்முறை அருமையாக உழைக்கும். ஆனால் இருபது பேரும் ஒரே நேரத்தில் சினிமா பார்க்க உட்கார்ந்தால் திணறிப்போகும். ஏனென்றால் சினிமாவில் ஒவ்வொரு கணமும் திரை முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் போடப்பட்ட 'ஐ2ஐ' கம்பியின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர், குறைந்தது 0.032 வினாடி. இது நமக்குத் தெரியாது. ஆனால் சர்வர் 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் போய்வர 0.13 வினாடி, வழியில் உள்ள நிலையங்களின் தாமதம் வேறு. அப்போது நீங்கள் தட்டிய எழுத்து சற்றுத் தயங்கியே திரைக்கு வரும். மேல்மாடியில் சர்வர் இருந்தால் இந்தத் தயக்கமே இல்லை.

சென்னையில் பிறந்த ஒரு முயற்சி

மெலிந்த முனையத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2000-களின் நடுவில் தொடங்கப்பட்ட 'நோவேடியம்' என்ற நிறுவனம் 'நோவா நெட்பிசி' என்ற சிறு பெட்டியை உருவாக்கியது. தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ரே ஸ்டாட்டா ஆகியோர் இதன் பின்னணியில் இருந்தார்கள். பெட்டியை 100 டாலர் விலைக்குள் கொண்டுவருவது நோக்கம். மென்பொருளும் சேமிப்பும் நடுவண் சர்வரில் இருக்கும். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் செலுத்துவார்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் அது நாடெங்கும் பரவவில்லை. நல்ல கம்பித் தொடர்பு இல்லாத வீட்டில் அந்தப் பெட்டிக்கு உயிரில்லை என்பது ஒன்று. சில ஆண்டுகளிலேயே மலிவான செல்பேசிகள் தாங்களே கணிப்பொறிகளாகிவிட்டன என்பது மற்றொன்று. இதிலிருந்து நான் கற்கும் பாடம் இது: மெலிந்த முனையத்தின் பலம் முனையத்தில் இல்லை, கம்பியிலும் அதன் மறுமுனையிலும்தான் இருக்கிறது.

எம்.கே.பி. நகரில் வைத்துப் பார்ப்போம்

வடசென்னையில் வியாசர்பாடியை அடுத்துள்ள மகாகவி பாரதி நகரை, எம்.கே.பி. நகர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு பள்ளிக்கு இருபது பேர் உட்காரும் கணிப்பொறி அறை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். இருபது தனிக் கணிப்பொறிகளா, இருபது முனையங்களும் ஒரு சர்வருமா?

முதலில் மின்சாரம். தனிக் கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுக்கும் என்று கொண்டால், இருபதுக்கு 2,000 வாட். முனையப் பெட்டிக்கு 10 வாட், திரைக்கு 20 வாட் என்று கொண்டால், இருபதுக்கு 600 வாட். சர்வருக்கு 300 வாட் சேர்த்தாலும் 900 வாட்தான். மின்சாரம் நின்றால் அதே பேட்டரி இருமடங்கு நேரத்துக்கு மேல் தாங்கும். அடுத்து, தூசி. லாரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதியில், விசிறி வைத்த கணிப்பொறி தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். முனையங்கள் பெரும்பாலும் விசிறி இல்லாதவை.

மூன்றாவது, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பகுதிகளில் வெள்ளம் தேங்கி நின்றதை அங்குள்ள மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்தில் இருபது தனிக் கணிப்பொறிகள் மூழ்கினால் எந்திரங்களோடு இருபது பேரின் ஓராண்டு உழைப்பும் போகும். முனையங்கள் மூழ்கினால் பெட்டிகள் மட்டும் போகும். சர்வரை இரண்டாம் மாடியில் வைத்திருந்தால் எழுதியதில் ஒரு வரிகூடப் போகாது. புதுப் பெட்டியைச் செருகினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இவ்வளவு நன்மைகளைச் சொன்னதால் நான் முனையங்களின் கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு.

மில் யாருடையது?

தெருவுக்கு ஒரு மாவு மில் இருந்தால் போதும். வீட்டுக்கு வீடு மில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் மில் ஒரு நாள் மூடிக்கிடந்தால் தெரு முழுவதும் மாவு இல்லை. வங்கியில் "லிங்க் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரேஷன் கடையில் "சர்வர் கிடைக்கலை, கொஞ்சம் நில்லுங்க" என்ற குரலும் புதிதல்ல. கூலி வேலையை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்கும் ஒரு தாய்க்கு அந்தச் சொல்லின் பொருள் ஒரு நாள் கூலி. மூளையை ஓரிடத்தில் குவித்தால் கோளாறும் ஓரிடத்தில் குவிகிறது. அதன் சுமையோ வரிசையில் நிற்பவர் தலையில் விழுகிறது.

இன்னொன்று. யார் என்ன அரைத்தார், எத்தனை கிலோ அரைத்தார் என்பதெல்லாம் மில்காரருக்குத் தெரியும். சர்வரைக் கையில் வைத்திருப்பவருக்கும் யார் எதைத் திறந்தார், எப்போது எழுதினார் என்பது தெரியும். மில் நம் தெருவில் இருந்தால் நாம் போய்க் கேட்கலாம். மில் எங்கோ இருந்தால், மில்காரரின் முகமே தெரியாவிட்டால், யாரிடம் கேட்பது?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. வீட்டில் கணிப்பொறி உள்ள பிள்ளை அதைத் திருகிப் பார்க்கிறது, கெடுக்கிறது, மறுபடி சரிசெய்கிறது. அப்படித்தான் எந்திரத்தின் உள்ளம் புரிகிறது. ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பள்ளி முனையம் ஒன்றுதான் கணிப்பொறி. "எதையும் தொடாதே, எல்லாம் அங்கே நடக்கும்" என்று அதற்குச் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் கவுன்ட்டருக்கு இப்பால் நிற்கும் பயணியாகவே இருந்துவிடும். பெட்டி மெலிந்திருக்கலாம், அதன் முன் உட்காருபவரின் அறிவு மெலிந்துவிடக் கூடாது.

என் கருத்து

ஆகவே நான் சொல்வது இதுதான். நம் பள்ளிகளில் முனையங்கள் வரட்டும். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு வரட்டும்.

முதலாவது, சர்வர் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே, வெள்ளம் எட்டாத மாடியில் இருக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் வகுப்பு நடக்க வேண்டும். மற்றப் பள்ளிகளின் சர்வர்களோடு அது பேசட்டும். பதிவுகளின் பிரதியொன்று வேறோரிடத்திலும் இருக்கட்டும். ரயில்வேயின் ஐந்து மையங்கள் காட்டிய வழி இதுவே: தன் வேலையைத் தானே பார், மற்றவரோடு கைகோத்து நில்.

இரண்டாவது, அந்தச் சர்வரைப் பேணுவதில் மாணவர்களுக்குப் பங்கு வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஆசிரியரின் துணையோடு பிரதி எடுக்கவும், கணக்குத் திறக்கவும், கோளாறு கண்டுபிடிக்கவும் கற்கட்டும். "கெடுத்துவிடுவார்களே!" என்ற அச்சம் வேண்டாம். சர்வருக்குள்ளேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொய்க் கணிப்பொறியை உருவாக்கித் தரலாம். அதை அவர்கள் எப்படிக் கெடுத்தாலும் ஒரு நிமிடத்தில் பழையபடி மீட்டுவிட முடியும். பயமின்றிக் கெடுத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

மூன்றாவது, கம்பி அறுந்தாலும் தனியே இயங்கக்கூடிய முனையங்களாக வாங்க வேண்டும். 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கை அளவுக் கணிப்பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்தது அது. கம்பி இருந்தால் முனையமாக உழைக்கும்; இல்லாவிட்டால் தானே ஒரு சிறு கணிப்பொறி.

"இதற்கெல்லாம் பராமரிப்பு ஆள் வேண்டுமே, தொலைவில் ஒரே சர்வர் வைத்தால் செலவு குறையுமே" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், செலவு குறையும். ஆனால் பள்ளி என்பது சீட்டு விற்கும் கவுன்ட்டர் அல்லவே! கவுன்ட்டரில் சீட்டு கிடைத்தால் வேலை முடிந்தது. பள்ளியிலோ, சீட்டு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வதுதான் வேலையே. பராமரிப்பை வெளியே தள்ளிவிட்டால் பாடத்தில் பாதியையும் வெளியே தள்ளிவிட்டோம் என்று பொருள்.

நண்பர்களே, நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். கணிப்பொறி அறையில் திரையிலிருந்து புறப்படும் கம்பியைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். மேசைக்கடியில் பெரிய பெட்டி இருக்கிறதா, சிறு பெட்டி இருக்கிறதா, கம்பி சுவருக்குள் போகிறதா என்று பாருங்கள். பிறகு ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "ஐயா, நான் எழுதியது எங்கே சேமிக்கப்படுகிறது? கம்பி அறுந்தால் என்ன ஆகும்? அந்தச் சர்வரை நாங்கள் ஒருமுறை பார்க்கலாமா?"

மூன்றாவது கேள்விக்கு "வாங்க, காட்டுகிறேன்" என்ற விடை கிடைத்தால், நீங்கள் நல்ல பள்ளியில் படிக்கிறீர்கள். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்!